கை உப்பு

உப்பு என்ன செய்யும் என்று பேச்சிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வேப்பலோடை உப்பளத்தில் பன்னிரண்டு வருஷம் பாத்தியில் உப்பு வாரியவள். உப்பு குதிகால் வெடிப்பில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். வெயிலைத் திருப்பியடித்துக் கண்ணை இடுங்க வைக்கும். இரும்பைத் தின்றுவிடும். தின்பது மட்டும்தான் அதன் வேலை என்று நினைத்திருந்தாள். அது ஒன்றைக் கட்டியெழுப்பவும் செய்யும் என்பதை வடக்குப்பட்டு ஷாம்பு கம்பெனிக்கு வந்துதான் பார்த்தாள்.

அந்தக் கம்பெனிக்குச் சொந்தப் பெயரில் ஒரு பாட்டில்கூடக் கிடையாது. வெளியே விற்கிற பதினோரு பெயர்களுக்கு ஷாம்பு செய்து கொடுப்பதுதான் தொழில். பேச்சி சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் ஐந்து பெண்களோடு ஓர் அறையில் இருந்தாள். ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு வந்து மூன்று வருஷம் பேக்கிங்கில் மூடி திருகினாள். மணிக்கட்டு வீங்கி அப்படியே நின்றுவிட்டது. நான்கு மாதத்துக்கு முன் மிக்ஸிங் ஆபரேட்டர் ஒருவன் கார் கம்பெனிக்குப் போய்விட, ஆள் கிடைக்காத சூப்பர்வைசர் சுப்பிரமணி பேக்கிங் லைனில் வந்து நின்று கேட்டார்.

“மூட்டை தூக்குவியா?”

“நடக்கப் படிச்சதுல இருந்து தூக்குதேன் சார்.”

டேங்க் மேடையில் ஏறிய முதல் பெண் அவள்தான். மற்ற ஆபரேட்டர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

முதல் நாள் நடந்தது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. பீப்பாய் பீப்பாயாக பேஸ்ட் என்று ஒன்று வரும். பாதி உருகிய மெழுகு மாதிரி, வெள்ளையாக, வழவழவென்று இருக்கும். நுரை கொடுப்பது அதுதான். அதைத் தண்ணீரில் கரைத்தால் இரண்டாயிரம் கிலோவும் வடித்த கஞ்சியைவிட நீர்த்துப்போய், கலக்கியின் சுழற்சியில் நடுவே குழி விழுந்து ஓடிக்கொண்டிருக்கும். அதில் இருபது கிலோ உப்பைத் தூவச் சொன்னார்கள். தூவினாள். பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு கலக்கியின் சத்தம் தாழ்ந்தது. நடுக்குழி மெல்ல மூடிக்கொண்டது. மேற்பரப்பு மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, கரண்டியில் அள்ளித் தூக்கினால் அறுந்து விழாமல் கயிறாகத் தொங்கியது. நூறு பங்குக்கு ஒரு பங்கு உப்பு. அவ்வளவுதான் போட்டிருந்தாள். டேங்க் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

“வாய மூடு, உள்ள கொசு பூந்துடும்,” என்று சுப்பிரமணி சிரித்தார்.

அன்றே அவர் இன்னொன்றும் சொன்னார். ஒரு பீப்பாய் பேஸ்ட் மாதிரி இன்னொரு பீப்பாய் இருக்காது. கலவை அளவு ஷீட்டில் இருபது கிலோ என்று அச்சடித்திருக்கும். சில நாள் இருபத்தொன்று வேண்டியிருக்கும், சில நாள் இருபத்திரண்டு. அதிகப்படியை எழுதினால் லேப்பிலிருந்து கையெழுத்து வர ஒரு மணி நேரம். அதுவரை பாட்டில் நிரப்புகிற லைன் நிற்கும். லைன் நின்றால் மேனேஜர் கத்துவார். அதனால் மேலே போடுகிற ஒன்றிரண்டு மக் உப்பை யாரும் எழுதுவதில்லை. அதற்குக் கை உப்பு என்று பெயர்.

“ஷீட்ல இருபது. கை உப்பு உன் கையோட. புரிதா?”

புரிந்தது. அந்த மேடையில் மூன்று ஷிஃப்டிலும் எல்லாருக்கும் அது புரிந்திருந்தது. தண்ணியாக இருந்தால் உப்பு. இன்னும் தண்ணியாக இருந்தால் இன்னும் உப்பு. வேறு சட்டம் கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை புது ஆர்டர். பச்சை கேன்களில் கற்றாழைச் சாறு வந்திருந்தது. கேனின் முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘கெமிக்கல் சேர்க்காதது’ என்று போட்டிருந்தது. காலை ஆறு மணிக்குத் தலைக்கு வலைத்தொப்பி மாட்டும் இடத்தில் பேக்கிங் மரகதம் அந்தப் பேச்சை எடுத்தாள். மரகதம் வடக்குப்பட்டுக்காரி. ஐம்பது வயதுக்கும் தொப்பிக்குள் அடங்காத முடி.

“ஒரு நாளிக்கு நாலாயிரம் பாட்டில் மூடறேன். என் தலைக்கு ஒரு சொட்டு வெச்சதில்லடி. எனக்கு சீயக்கா தான். அல்லாம் கெமிக்கல்.”

“கடைல வாங்குன பாக்கெட் சீயக்காதான எக்கா? அதுல என்னத்தக் கலந்திருக்கான்னு பாத்தியளா?”

“இன்னாத்த கலந்தா இன்னா? பேரு சீயக்கா தான?”

“அப்ப இன்னைக்கு வாறது ஒங்களுக்குத் தோதா இருக்கும். பேரு கத்தாழ.”

“போடி, உப்புக்காரி. இருநூறு லிட்டரு கத்தாழ, மிச்சம் அதே பேஸ்ட்டு. எனக்குத் தெரியாதா?”

மரகதம் சொன்னது சரிதான். ஒன்பது மணிக்குள் பேச்சி பேஸ்ட்டைக் கரைத்து, இருநூறு லிட்டர் சாற்றையும் ஊற்றி, இருபது கிலோ உப்பைத் தூவி முடித்தாள். காத்திருந்தாள். கலக்கியின் சத்தம் கொஞ்சம்தான் தாழ்ந்தது. கரண்டியில் அள்ளினாள். கயிறு பாதியில் அறுந்து விழுந்தது.

ஒரு மக் போட்டாள். ஒரு மக்குக்கு ஒரு கிலோ. காத்திருந்தாள். இன்னொரு மக். நாலு மக் போட்டபோது நடுக்குழி முன்னைவிட ஆழமாகத் தெரிந்தது. கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். எட்டு போட்டாள். பதினோரு மணிக்கு லைன் ஓட வேண்டும். கை தானாக மூட்டைக்குப் போனது. பன்னிரண்டாவது மக்கைப் போட்டுவிட்டுக் கரண்டியைத் தூக்கியபோது, அது ஷாம்பு இல்லை, சோப்பு கழுவிய தண்ணீர். உப்பு போடப் போட அது நீர்த்துக்கொண்டே போயிருக்கிறது.

அவள் மக்கைக் கீழே வைத்தாள். போன மாதம் மூன்றாம் ஷிஃப்டில் ஒரு டேங்க் கெட்டது. அந்த ஆபரேட்டருடைய அடையாள அட்டையைக் கேட்டிலேயே வாங்கிக்கொண்டார்கள். அவளும் காண்ட்ராக்ட்தான். ஆம்பளைக்கே அந்தக் கதி. பெண்பிள்ளையை மேடையில் ஏற்றினால் இப்படித்தான் என்று சொல்ல ஆட்கள் நாக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

சுப்பிரமணி படியேறி வந்து டேங்குக்குள் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“கை உப்பு எவ்ளோ போட்ட?”

“பன்னெண்டு சார்.”

“பன்னெண்டா? இன்னாம்மா நீ, ஊறுகாயா போடற?” நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “யாராண்டயும் மூச்சு வுடாத. ஷீட்ல இருபது கீது, இருபது தான். சாறு கெட்ட சரக்கு. அப்டியே சொல்லி டேங்க சாக்கடைக்கு எறக்கிடலாம். உனக்கும் பிரச்சன இல்ல, எனக்கும் இல்ல. கம்முனு நில்லு.”

லேப்பிலிருந்து சந்திரலேகா வந்தாள். தண்டலம் பக்கத்துக் காலேஜில் கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. பேச்சியைவிட ஏழு வயது சின்னவள். பாதுகாப்புக் கண்ணாடி மூக்கில் நிற்காமல் சரிந்துகொண்டே இருக்கும். எவரையும் ‘ஏன்’ என்று கேட்டுவிட்டுத்தான் மூச்சுவிடுவாள்.

“சாறு கெட்டுப்போச்சு மேடம்,” என்றார் சுப்பிரமணி. “நேச்சுரல் நேச்சுரல்னு ஏமாத்தி அனுப்சிக்கீறானுங்க. எறக்கிடலாம்.”

சந்திரலேகா ஒரு கேனில் மிச்சமிருந்த சாற்றை மோந்து பார்த்தாள். “கெட்ட வாடை இல்லையே. கெமிக்கல் போடாம இத எப்படி ரெண்டு மாசம் கெடாம வெச்சிருக்காங்க?”

அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டதுதான். ஆனால் பேச்சிக்கு விடை தெரிந்த கேள்வி அது. ஊரில் மீனைக் கெடாமல் வைப்பது எது? கையுறையைக் கழற்றி விரலைச் சாற்றில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“அய்யோ, அக்கா! டேஸ்ட் பண்ணக் கூடாது!”

“கரிக்கு மேடம்.” பேச்சி துப்பினாள். “கடத்தண்ணியவிடக் கூட. பாத்திக்கு விடுதுக்கு முன்ன தெப்பத்துல தேங்கிக் கெடக்குமே, அந்தத் தண்ணி மாதிரி. அஞ்சு டிகிரி இருக்கும்.”

“டிகிரின்னா?”

“நூறு கிலோத் தண்ணிக்கு அஞ்சு கிலோ உப்புன்னு வச்சிக்கிடுங்க.”

சந்திரலேகா போனை எடுத்து, சாறு அனுப்பிய கம்பெனியின் காகிதத்தைத் தேடிப் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. இயற்கை முறையில் பதப்படுத்தியது, உப்பு ஐந்து சதவீதம். அவள் போனையும் பேச்சியின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நாக்குலயா அக்கா இத சொன்னீங்க?”

“பன்னெண்டு வருசம் அதத்தான நக்கிக்கிட்டுக் கெடந்தோம்.”

சந்திரலேகா ஒரு கண்ணாடிக் குவளையில் டேங்கிலிருந்து நூறு கிராம் எடுத்து மேடை ஓரத்து மேசையில் வைத்தாள். தண்ணீர்க் குழாயில் சிறிது பிடித்தாள். பேச்சி பதறிவிட்டாள்.

“ஏற்கெனவே தண்ணி மேடம். இன்னும் தண்ணியா ஊத்தப் போறிய?”

“பாருங்க.”

ஊற்றினாள். கண்ணாடிக் குச்சியால் கலக்கினாள். குச்சி முதலில் சுலபமாகச் சுற்றியது. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். குச்சி தயங்கியது. இன்னும் கொஞ்சம். குச்சியை விட்டுவிட்டாள். அது குவளை விளிம்பில் சாயவில்லை. நடுவே, செங்குத்தாக, யாரும் பிடிக்காமல் நின்றது.

பேச்சி குவளையை வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே இருந்தது மெதுவாக, மனசில்லாமல், ஒரு நாக்கை வெளியே நீட்டியது. கஞ்சியில் தண்ணீர் ஊற்றினால் நீர்க்கும். குழம்பில் ஊற்றினால் நீர்க்கும். சேற்றில், பெயிண்டில், எதில் ஊற்றினாலும் நீர்க்கும். அவள் முப்பது வருஷத்தில் தொட்ட பொருள்களில் தண்ணீர் ஊற்றிக் கெட்டியான பொருள் ஒன்றுகூட இல்லை. அவள் கையில் மயிர் சிலிர்த்து நின்றது.

“இது எப்படி மேடம்?”

“பேஸ்ட் தண்ணிக்குள்ள சின்னச் சின்ன உருண்டையா சேர்ந்து இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. உப்பு போட்டா உருண்டை நீளமாகும். புழு மாதிரி. ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். அதான் கெட்டியாகுது. உப்பு ஓவரா போச்சுன்னா பின்னல் வுட்டுடும். மலை ஏறி எறங்கற மாதிரி. நாம உச்சிய தாண்டி அந்தப் பக்கம் எறங்கிட்டோம். தண்ணி ஊத்தினா உப்போட அளவு கொறையும், திரும்ப உச்சிக்கு ஏறிடலாம்.”

“இவ்வளவும் அந்த டேங்குக்குள்ள நடக்கா?”

“தெனமும்.”

பேச்சி டேங்கைப் பார்த்தாள். நாலு மாதமாக அதன் விளிம்பில் நிற்கிறாள். உள்ளே கோடி கோடியாக எதுவோ பின்னிக்கொண்டும் அவிழ்ந்துகொண்டும் கிடக்கிறது, அவள் மக்கால் உப்பை எறிந்துகொண்டு நின்றிருக்கிறாள்.

“இந்தப் பேஸ்ட எதுல செய்யுதாவ மேடம்?”

“செம்பனை, தேங்கா இந்த மாதிரி எண்ணெயில ஆரம்பிப்பாங்க. அப்புறம் பெட்ரோலியத்துல இருந்து வர்றது, கந்தகம், எல்லாம் சேர்த்து மாத்திடுவாங்க.”

“தேங்காயா?” பேச்சிக்கு மரகதத்தின் முகம் ஞாபகம் வந்தது. எதைக் கெமிக்கல் என்கிறோமோ அது பாதி தேங்காய். எதைக் கெமிக்கல் இல்லாதது என்கிறோமோ அதுதான் இன்றைக்கு டேங்கைக் கெடுத்தது. அதைக் கெடுத்ததும் கடலில் இருந்து வந்த வெறும் உப்பு.

சந்திரலேகா அதற்குள் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

“ஷீட்ல இருபது. சாறுல பத்து. மொத்தம் முப்பது. ஆனா முப்பது கிலோக்கு இந்த டேங்க் உச்சி கிட்டத்தான் நிக்கணும், இவ்வளவு எறங்கியிருக்கக் கூடாது. இன்னும் ஒரு பத்து, பன்னெண்டு கிலோ எங்கிருந்தோ வந்திருக்கு.”

சுப்பிரமணி பேச்சியைப் பார்க்கவில்லை. “அதான் சொல்றேன் மேடம், சாறே சரியில்ல. எறக்கிடலாம்.”

“குவளையில சரியாச்சே சார். டேங்க்லயும் ஆகும். ஆனா என்ன காரணம்னு எழுதாம திருத்தறதுக்கு நான் கையெழுத்து போட முடியாது. நாளைக்கு வேற எதாவது ஆனா நான்தான் பதில் சொல்லணும். காரணம் தெரியலன்னா எறக்கறதுதான் வழி.”

சுப்பிரமணி வேகமாகத் தலையாட்டினார். “அப்ப எறக்குங்க.”

அவர் கீழே இருந்த வால்வை நோக்கிப் படியிறங்கத் தொடங்கினார். பேச்சி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். சாறு மேல் பழி போகும். நாளைக்கும் அவள் இதே மேடையில் ஏறலாம். வாயைத் திறந்தால் பன்னிரண்டு கிலோவும் அவள் தலையில். எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் குவளைக்குள் குச்சி இன்னும் நின்றுகொண்டிருந்தது. நூறு கிராமில் நடந்தது இரண்டாயிரம் கிலோவில் நடந்தால் எப்படி இருக்கும்? அதைப் பார்க்காமல் சாக்கடைக்கு விடுவதா? அந்த ஆசை பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

“நான் போட்டேன் மேடம். கை உப்பு. பன்னெண்டு மக்கு.”

சுப்பிரமணி படியில் நின்றுவிட்டார்.

“கை உப்புன்னா?”

பேச்சி சொன்னாள். எல்லா ஷிஃப்டிலும் போடுகிறார்கள் என்பதையும் சொன்னாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று சந்திரலேகா கேட்டாள். அதற்கு மட்டும் பேச்சி பதில் சொல்லவில்லை. படியில் நின்ற சுப்பிரமணியின் கழுத்து சிவந்திருந்தது. அவரே, “எழுதுங்க மேடம், எழுதுங்க. எனக்கும் தெரியும்னு போடுங்க,” என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“முப்பது ப்ளஸ் பன்னெண்டு, நாப்பத்திரெண்டு.” சந்திரலேகாவின் முகம் தெளிந்தது. “இப்ப சரியா வருது. இருநூறு லிட்டர் தண்ணி, நுரை குறையாம இருக்க நூறு கிலோ பேஸ்ட். டேங்க்ல எடம் இருக்கில்ல?”

“ஐநூறுக்கு எடம் கெடக்கு மேடம்.”

பேஸ்ட்டைப் போட்டார்கள். பேச்சி குழாயைத் திறந்தாள். லைன் நின்றுபோனதால் பேக்கிங் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கீழே கூடிவிட்டார்கள். மரகதம் படியில் பாதி ஏறி எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி, தண்ணி ஊத்திக்கினு கீற? ஏற்கெனவே தண்ணியாப் போச்சுன்னு சொன்னாங்க?”

“கெட்டியாக்குதேன் எக்கா.”

“தண்ணி ஊத்தியா? தலைல அடிபட்டுச்சா உனக்கு?”

கீழே சிரித்தார்கள். ஐம்பது லிட்டர் போனது. நூறு போனது. கலக்கி பழைய மாதிரியே லேசாகச் சுற்றியது. நடுக்குழி அப்படியே இருந்தது. சந்திரலேகா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டே மோட்டார் பெட்டியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூற்று நாற்பதில் முள் ஒரு கோடு ஏறியது.

முதலில் சத்தம்தான் மாறியது. வெறுங்கையோடு நடந்தவன் தோளில் யாரோ மூட்டையை ஏற்றிய மாதிரி, கலக்கி ஒரு முனகல் முனகியது. பிறகு நடுக்குழியின் ஓரங்கள் உள்ளே சரிந்தன. இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோ கனம் ஒரே நேரத்தில் முடிவெடுத்த மாதிரி இருந்தது. குழி மூடியது. மேலே ஒரு மடிப்பு எழுந்து, தன் மேலேயே விழுந்து, அடுத்த மடிப்பை எழுப்பியது. ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நடக்கத் தொடங்கி, பிறகு புரண்டு படுத்தது. ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழுந்து பட்டுப்போல வழுக்கியது. குழாயிலிருந்து இன்னமும் வெறும் தண்ணீர்தான் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த இடத்தில் ஒரு நொடி பள்ளம் விழுந்து, உதடு மாதிரி மூடி, அந்தத் தண்ணீரை விழுங்கியது.

மரகதம் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“இன்னாடி இது,” என்றாள் கடைசியில், குரலே இல்லாமல். “உசுரு கீதா அதுக்கு?”

“தெரியலயே எக்கா,” என்றாள் பேச்சி. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. கரண்டியை விட்டுத் தூக்கினாள். அது கயிறாக இறங்கியது. சுப்பிரமணிகூடக் கிட்டே வந்து அந்தக் கயிற்றை வேடிக்கை பார்த்தார். அவர் இந்த மேடையில் ஒன்பது வருஷம் இருக்கிறார்.

மேனேஜர் மதியம் பேச்சிக்கும் சுப்பிரமணிக்கும் மெமோ கொடுத்தார். மூன்று ஷிஃப்டிலும் கை உப்புக்குத் தடை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பேச்சிக்கு வேலை போகவில்லை. மேடையிலிருந்து ஒரு மாதம் இறக்கினார்கள். அடுத்த நாளிலிருந்து பேக்கிங். ஒரு மாதம் கழித்து ஏற்றுவார்களா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள். மற்ற ஆபரேட்டர்கள் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். இனி ஒவ்வொரு பிடி உப்புக்கும் அவர்கள் லேப் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை பேச்சி மரகதத்துக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பழைய வீக்கத்தோடு மூடி திருகினாள். லைனில் அந்த டேங்க் சரக்குதான் பாட்டில் பாட்டிலாக வந்துகொண்டிருந்தது. பாட்டிலின் முன்பக்கம் ஒரு கற்றாழை மடல் வரைந்திருந்தது. உப்பு, பேஸ்ட், குழாய்த் தண்ணீர் எதுவும் படத்தில் இல்லை. நாலாவது பாட்டிலை மூடிவிட்டுப் பழக்கத்தில் தலைகீழாகக் கவிழ்த்தாள். அடியில் இருந்த ஒரு காற்றுக் குமிழி கிளம்பியது. மேலே போகத்தான் வேண்டும் அதற்கு, ஆனால் ஓடவில்லை. பின்னிக் கிடந்த எதையெதையோ ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருவது போல, மெல்ல மெல்ல ஏறியது. பாதியில் நின்ற மாதிரி இருந்தது. நிற்கவில்லை.

“ஏய், இன்னா மொறைச்சிக்கினே கீற? பாட்டில் சேர்ந்துடுச்சு பாரு,” என்று மரகதம் முழங்கையால் இடித்தாள்.

“ஒரு நிமிசம் எக்கா. மேல போயிரட்டும்.”

மரகதமும் குனிந்து பார்த்தாள். அவர்களுக்கு முன்னால் மூடாத பாட்டில்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு குவிந்தன.